விழக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் சிலம்பம், கராத்தே, தைக்குவாண்டோ ஆகிய தற்காப்புக் கலைகள் புறப்பாட நடவடிக்கைகளாக நடைபெற்று வருகின்றன. இவ்வகுப்புகளில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரிடம் பொதுவாக இரண்டு கேள்விகள் எழுவதுண்டு. "எப்பொழுது மோத விடுவார்கள்?" என்று கேட்பவர் ஒரு சாரார். "மோதினால் அடிபடாதா?" என்று அஞ்சுபவர் மறு சாரார். பிள்ளைகள் 'ஸ்பாரிங்' என்று சொல்லும் மோதற்பயிற்சியைப் பற்றிய கேள்விகள்தாம் இவை இரண்டும்.

இருவர் நேருக்கு நேர் நின்று, அடுத்து என்ன வரும் என்று அறியாமல், உண்மையான எதிர்ப்புடன் பழகுவதே மோதற்பயிற்சி. இதைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யத்தக்க ஒரு பாடமாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. அவர் ஜப்பானைச் சேர்ந்த கானோ ஜிகோரோ. ஜூடோவைத் தோற்றுவித்தவர். அவர் வகுத்த முறையையும், அம்முறை பின்னாளில் மறக்கப்பட்டபோது நேர்ந்த துயரத்தையும் அறிந்துகொண்டால், மேற்சொன்ன இரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

கொல்லும் கலையை எப்படிப் பழகுவது?

போர்க்கலை எதுவாயினும் அதைக் கற்பிப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. கழுத்தை நெரிப்பதும் மூட்டை முறிப்பதும் வாளால் வெட்டுவதும் கலையின் உள்ளடக்கம். அவற்றை முழு வலிமையோடு பழகினால் துணைக்கு நிற்பவர் பிழைக்கமாட்டார். மெதுவாகவே பழகினால், உண்மையில் எதிர்க்கும் ஒருவர் முன் அக்கலை பயன்படுமா என்பது தெரியாது.

பழைய ஜப்பானில் இதற்குக் கண்ட முதல் தீர்வு 'காட்டா'. யார் தாக்குவது, யார் தடுப்பது, எப்பொழுது விழுவது என்று அனைத்தும் முன்னரே வகுக்கப்பட்ட வரிசை அது. வாள்வீச்சில் இரண்டாவது தீர்வும் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டில் சில வாட்பள்ளிகள் மூங்கில் வாளையும் தலைக்கவசம், கையுறை, மார்புக்காப்பு ஆகியவற்றையும் செம்மைப்படுத்தின. அதன்பின் மாணவர்கள் ஒருவரையொருவர் உண்மையாகவே அடித்துப் பழகலாயினர். இன்றைய கெண்டோ விளையாட்டு அவ்வழி வந்ததே.

வெறுங்கை மற்போரான ஜூஜுட்சுவுக்கு அத்தகைய எளிய தீர்வு இல்லை. மூட்டைத் திருகும் பிடிக்கு எந்தக் கவசமும் உதவாது. சில பள்ளிகளில் கட்டின்றிப் பிடித்துப் பழகும் வழக்கம் இருந்தது. அதற்கு 'ரண்டோரி' என்று பெயர். ஆயினும் அது முறைப்படுத்தப்படாமல், முரட்டுத்தனமாகவே நடந்து வந்தது.

நலிந்த உடலுடைய மாணவன்

கானோ 1860ஆம் ஆண்டு இன்றைய கோபே நகரின் பகுதியான மிகாகே என்னும் ஊரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தோக்கியோவிற்குக் கல்வி கற்கச் சென்றார். படிப்பில் கெட்டிக்காரராயினும் உருவத்தில் சிறியவர், உடல் வலிமை குன்றியவர். விடுதியில் பெரிய மாணவர்கள் அவரைத் துன்புறுத்தினர். பகடிவதை என்று இன்று நாம் குறிப்பிடும் கொடுமைதான் அது.

வலிமை குறைந்தவரும் வலியவரை வெல்லலாம் என்னும் ஜூஜுட்சுவைக் கற்க அவர் விரும்பினார். அதற்குக் காலம் சாதகமாக இல்லை. 1868ஆம் ஆண்டு மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் ஜப்பான் மேலை நாட்டு முறைகளை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. 1876ஆம் ஆண்டு சாமுராய்கள் வாள் அணிவதே தடை செய்யப்பட்டது. ஜூஜுட்சு காலாவதியான கலை என்று பலரும் கருதினர். ஒருவழியாக 1877ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டே, ஃபுகுதா ஹச்சினோசுகே என்னும் ஆசிரியரிடம் சேர்ந்தார். அவர் எலும்பு முறிவுக்கு மருத்துவம் செய்து பிழைத்தவர்.

ஒரு நாள் ஃபுகுதா கானோவைத் தூக்கி எறிந்தார். "இதை எப்படிச் செய்வது?" என்று கானோ கேட்டார். விளக்கம் வரவில்லை, மீண்டும் எறிதல்தான் வந்தது. பலமுறை எறியப்பட்டால் தானே விளங்கும் என்பது ஆசிரியரின் எண்ணம். உடல் முழுவதும் காயங்களுடன் களிம்பு பூசிக்கொண்டு திரிந்ததைக் கானோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பழைய முறையின் அருமையும் குறையும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே தெரிகின்றன. உண்மையான எதிர்ப்பு அங்கே இருந்தது. விளக்கமும் படிநிலையும் இல்லை.

அதே வகுப்பில் பருத்த உடலுடைய ஒரு மாணவரைக் கானோவால் வெல்ல இயலவில்லை. அவர் சுமோ நுணுக்கங்களை ஆராய்ந்தார். நூலகத்திற்குச் சென்று மேலை நாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். இறுதியில் எதிரே நிற்பவரைத் தோள்மீது சுமந்து எறியும் ஓர் உத்தியைக் கண்டறிந்து அவரை வீழ்த்தினார். அவ்வுத்தி இன்றும் ஜூடோவில் 'கட்டா குருமா' என்னும் பெயரில் உள்ளது.

பன்னிரண்டு பாய்கள்

1882ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், தோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில் கானோ சொந்தப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதன் பெயர் கோடோகான். பயிற்சித்தளம் பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவே இருந்தது. மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்கள் விழுந்த அதிர்ச்சியில் கோயிலின் தரைப்பலகைகள் சேதமுற்றன. கோயில் துறவியார் வருந்தியதாகவும் கூறுவர்.

அச்சிறிய இடத்தில் கானோ செய்த மாற்றங்கள் மூன்று.

முதலாவது, உத்திகளைப் பிரித்தார். குத்து, உதை, உயிர்நிலைகளைத் தாக்குதல் ஆகியவற்றைக் காட்டாவில் மட்டும் வைத்தார். எறிதல், தரையில் அமுக்கிப் பிடித்தல், தீங்கு நேருமுன் விட்டுவிடக்கூடிய பிடிகள் ஆகியவற்றை ரண்டோரிக்கு ஒதுக்கினார். விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றைத் திருகும் பிடிகளும் காலப்போக்கில் ரண்டோரியிலிருந்து விலக்கப்பட்டன. இன்றைய ஜூடோவில் முழங்கை மூட்டுப் பிடிகளுக்கு மட்டுமே இடமுண்டு.

இரண்டாவது, விழும் முறையைத் தனிப்பாடமாக்கினார். 'உக்கேமி' எனப்படும் அப்பாடம் எறிதலுக்கு முன்பே கற்பிக்கப்படுகிறது.

மூன்றாவது, உத்திகளுக்குக் காரணம் சொன்னார். தமது மற்றோர் ஆசிரியரான ஈகுபோவுடன் பழகும்போது, எறிவதற்கு முன் எதிரே நிற்பவரின் சமநிலையைக் குலைக்க வேண்டும் என்பதைக் கானோ கண்டறிந்தார். அதன்பின் ஈகுபோவால் அவரை எறிய முடியவில்லை. கானோவோ மீண்டும் மீண்டும் எறிந்தார். காரணத்தைக் கேட்டறிந்த அம்முதியவர், "இனி உமக்குக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை" என்னும் பொருள்படக் கூறினாராம். மாணவனின் வளர்ச்சியை மனமார ஏற்றுக்கொண்ட அப்பெருந்தன்மையும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அபாயமான உத்திகளை நீக்கிவிட்டால் கலை வலுவிழக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்தது இதற்கு நேர்மாறானது. நீக்கப்பட்டபின் எஞ்சிய உத்திகளைக் கோடோகான் மாணவர்கள் நாள்தோறும் முழு வலிமையுடன், எதிர்க்கும் துணைவர்மீது, நூற்றுக்கணக்கான முறை பழக முடிந்தது. அபாயமான உத்தியை வைத்திருந்தவர்களோ அதைப் பாவனையாக மட்டுமே செய்ய முடிந்தது. எனவே பழகத்தக்க உத்தியை உடையவர்கள் தேர்ச்சியில் முந்தினர். பாதுகாப்பு, திறமை இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இலக்கணமும் கட்டுரையும்

காட்டா போதுமா, ரண்டோரி போதுமா என்னும் கேள்விக்குக் கானோ ஓர் ஆசிரியருக்கே உரிய உவமையால் விடையளித்தார். காட்டா இலக்கணம் போன்றது. ரண்டோரி கட்டுரை எழுதுதல் போன்றது என்பது அவர் கருத்து. இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனுக்குக் கட்டுரை வராது. இலக்கணமே அறியாதவன் எழுதுவதும் கட்டுரையாகாது. தமிழாசிரியர்களாகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் சிலம்பத்திலும் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என இரு பிரிவுகள் இருப்பதை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கானோ வாழ்நாள் முழுவதும் கல்வியாளராகவே வாழ்ந்தார். 1889ஆம் ஆண்டு கல்வியாளர்கள் கூடிய அவையொன்றில், ஜூடோவின் நோக்கம் உடலை வளர்த்தல், மோதலில் தேர்தல், ஒழுக்கத்தைப் பண்படுத்தல் ஆகிய மூன்று என்று விளக்கினார். 1893ஆம் ஆண்டு தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். இடையிடையே விலகினாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பை வகித்தார். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய கோபுன் கல்லூரியில்தான் பின்னாளில் புகழ்பெற்ற சீன எழுத்தாளர் லூ சுன் பயின்றார். 1911ஆம் ஆண்டு ஜூடோவும் கெண்டோவும் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளின் உடற்கல்வியில் இடம்பெற வழி பிறந்தது.

1922ஆம் ஆண்டு கானோ தம் கொள்கையை இரு தொடர்களில் அறிவித்தார். ஆற்றலை நன்முறையில் பயன்படுத்துதல் என்பது ஒன்று. தானும் பிறரும் சேர்ந்து உயர்தல் என்பது மற்றொன்று. அதே ஆண்டில் ஒக்கினாவாவைச் சேர்ந்த ஃபுனாகோஷி கிச்சின் கராத்தேயைத் தோக்கியோவில் அறிமுகப்படுத்தினார். அவரும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவரே. கானோ அவரைக் கோடோகானுக்கு அழைத்துச் செயல்விளக்கம் செய்ய வைத்தார். கராத்தே மாணவர் இன்று அணியும் வெள்ளை உடையும் இடுப்புப் பட்டையும் 'டான்' என்னும் தரவரிசையும் ஜூடோவைப் பின்பற்றி அமைந்தவையே. எனவே நம் பள்ளித் திடலில் கராத்தே பழகும் பிள்ளையும் ஒருவகையில் கானோவின் மாணவரே.

மறக்கப்பட்ட பாடம்

கானோ 1938ஆம் ஆண்டு, கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்திலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் காலமானார். 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஜூடோ ஒலிம்பிக் விளையாட்டானது. புகழ் வளர்ந்தது; பதக்கங்கள் குவிந்தன. ஆனால், ஜப்பானியப் பள்ளிகளில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது.

1983ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயிலும்போது 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். நகோயா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் உச்சிதா ரியோ பள்ளி விபத்துப் பதிவுகளைத் தொகுத்து இதை வெளிக்கொணர்ந்தார். இறந்தோருள் பலர் புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டு மாணவர்கள். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் தலைக்காயம். பின்புறமாக வீழ்த்தும் 'ஓசோட்டோ காரி' என்னும் உத்தி இவற்றில் அடிக்கடி குறிப்பிடப்பட்டது. விழக் கற்குமுன் எறியப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

இவ்விடத்தில் பெற்றோர் அறிய வேண்டிய மருத்துவ உண்மை ஒன்றுண்டு. தலை தரையில் மோதாவிட்டாலும், கடுமையாக உலுக்கப்பட்டாலே மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள இரத்தக் குழாய்கள் கிழியக்கூடும். வெளியே காயமே தெரியாது. 'சோம்பேறித்தனம்' என்று எண்ணி மீண்டும் பாய்க்கு அனுப்பினால், அடுத்த அதிர்ச்சி உயிரைப் பறிக்கலாம்.

பிள்ளைகளை இழந்த பெற்றோரும், உடல் ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோரும் 2010ஆம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்துக் குரல் எழுப்பினர். 2012ஆம் ஆண்டு தற்காப்புக் கலைகள் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாகவிருந்த நேரம் அது. எனவே நாடே கவனித்தது. பாதுகாப்பு வழிகாட்டிகள் திருத்தப்பட்டன. பயிற்றுநர்களுக்குத் தலைக்காயம் பற்றிய பயிற்சி அளிக்கப்பட்டது. உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன. இதே கலையைப் பெருந்திரளான சிறுவர்கள் பயிலும் பிரான்சில் இத்தகைய மரண வரிசை ஏற்படவில்லை. அங்கு 1955ஆம் ஆண்டு முதலே ஜூடோ கற்பிப்போருக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும் என்னும் சட்டம் உள்ளது.

2013ஆம் ஆண்டு மற்றொரு செய்தி வெளியானது. ஜப்பானிய மகளிர் அணியைச் சேர்ந்த 15 வீராங்கனைகள் தங்கள் பயிற்றுநர்கள் அடித்துத் துன்புறுத்தியதாக முறையிட்டனர். தலைமைப் பயிற்றுநர் பதவி விலகினார். 2022ஆம் ஆண்டு ஜப்பானிய ஜூடோ சம்மேளனம், தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசிய அளவிலான தனிநபர் போட்டியை நிறுத்திவிட்டது. வெற்றி ஒன்றே குறிக்கோள் என்னும் மனப்பான்மை பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் மிகுந்துவிட்டது என்பதே அது சொன்ன காரணம். ஜூடோ பிறந்த நாடே தன் பிள்ளைகளின் பொருட்டு ஒரு கோப்பையைக் கைவிட்டதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, எந்தத் தற்காப்புக் கலையைப் பயில்பவருக்கும் பொருந்தும் சில குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. முதலில் விழப் பழகுக. பின்புறம் விழும்போது முகவாயை மார்போடு சேர்த்து, பார்வையை இடுப்புப் பட்டையின் முடிச்சில் வைக்க வேண்டும். உள்ளங்கையும் முன்கையும் ஒருசேரப் பாயை அடிக்க வேண்டும். கையை ஊன்றி விழுவதைத் தடுக்க முயன்றால் மணிக்கட்டும் முழங்கையும் முறியும். படுத்த நிலை, குந்திய நிலை, நின்ற நிலை, துணைவர் மெல்ல வீழ்த்தும் நிலை என்று படிப்படியாக முன்னேற வேண்டும். உதையும் குத்துமே மிகுந்த கலைகளிலும் பிள்ளை தடுமாறி விழுவதுண்டு. எனவே இப்பாடம் எல்லாருக்கும் உரியது.

2. நிமிர்ந்து நிற்க. விழுவதற்கு அஞ்சுபவர் இடுப்பை வளைத்துக் கைகளை விறைப்பாக நீட்டிக்கொள்வார். அந்நிலையில் அவரால் தாக்கவும் இயலாது, கற்கவும் இயலாது. இயல்பான நிற்கையையே கானோ வலியுறுத்தினார்.

3. வகுத்த மோதலிலிருந்து கட்டற்ற மோதலுக்குச் செல்க. கராத்தேயில் ஐந்தடி, மூன்றடி, ஓரடி மோதல் என்று படிகள் உண்டு. தாக்கும் இடமும் முறையும் முன்பே சொல்லப்படும். இப்படிகளைத் தாண்டாத பிள்ளையைக் கட்டற்ற மோதலில் இறக்குதல் கூடாது.

4. ஒரு சுற்றுக்கு ஒரு நோக்கம் வைத்துக்கொள்க. "இன்று இந்த ஓர் உத்தியை மட்டும் முயல்வேன்" என்று முடிவு செய்தபின் பாயில் இறங்க வேண்டும். நோக்கமற்ற மோதல் உடல்வலிமைப் போட்டியாக முடியும்.

5. மூவகைத் துணைவரோடும் பழகுக. தம்மினும் வலியவரோடு பழகும்போது, எறியப்படுவதைப் பொருட்படுத்தாமல் துணிந்து முயல வேண்டும். சமமானவரோடு முழு ஆற்றலையும் காட்டலாம். எளியவரோடு பழகும்போது புதிய உத்திகளை முயல்வதோடு, அவர் பாதுகாப்பாக விழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். எறிந்தபின் அவருடைய சட்டைக் கையை விடாமல் சற்று மேலே இழுத்துப் பிடித்தால் அவர் தலை தரையில் மோதாது.

6. தட்டினால் உடனே விடுக. பிடியில் அகப்பட்டவர் கையால் இருமுறை தட்டுவது தோல்வியை ஏற்கும் அடையாளம். தாமதமாகத் தட்டுவது வீரமன்று. தட்டியபின்னும் விடாமல் பிடித்திருப்பது பயிற்சியே அன்று.

7. தலையில் அடிபட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. தலைவலி, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் இசைவளிக்கும்வரை மோதற்பயிற்சி வேண்டா. இதைப் பிள்ளை மறைக்காமல் சொல்லும் துணிவையும் நாமே ஊட்ட வேண்டும்.

பெற்றோரின் கேள்வி

1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில், எடைப்பிரிவற்ற ஜூடோ இறுதிச் சுற்றில் நெதர்லாந்து நாட்டின் ஆண்டன் கீசிங்க், ஜப்பானின் காமினாகாவைச் சொந்த மண்ணிலேயே வென்றார். மகிழ்ச்சிப் பெருக்கில் நெதர்லாந்து ஆதரவாளர்கள் பாய்க்கு ஓடிவர முயன்றனர். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தோற்றவருக்கு முறையாகத் தலைவணங்கிய பின்னரே வெளியேறினார். கானோவின் பாடத்தை அவர் நன்கு கற்றிருந்தார். எதிரே நிற்பவர் இல்லையேல் எவரும் எதையும் கற்க முடியாது. அவர் மறுநாளும் நலமாக வந்தால்தான் நமக்குப் பயிற்சி உண்டு.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர், "எத்தனை மாதத்தில் கறுப்புப் பட்டை கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டுகிறேன். முதல் சில வாரங்களில் என்ன கற்பிப்பீர்கள்? யாரை யாருடன் இணைப்பீர்கள்? தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்? இம்மூன்றுக்கும் தயங்காமல் விடையளிக்கும் பயிற்றுநரிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். பொறுப்பாசிரியர்களும் வகுப்பைத் தொடங்க இசைவளிக்குமுன் இதே கேள்விகளைக் கேட்பது கடமையாகும். "விழ மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள்" என்று முதல் மாதத்தில் பிள்ளை அலுத்துக்கொண்டால், பெற்றோர் கவலைப்பட வேண்டா. வகுப்பு சரியாகத்தான் நடக்கிறது.